கீழே காய்க்குமா

பத்தாங்கட்டை, கோல சிலாங்கூர்
18.2.2024

அன்னம்மா அக்காவுக்குக் கண்மணி எழுதுவது. இங்கே நானும் அவரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் கேட்காதே. உன் காது எப்படி இருக்கிறது? மிஷின் வைத்தும் கேட்கவில்லை என்று சோமு சொன்னான். போனில் நான் கத்துவது உனக்குக் கேட்காது. எனக்குப் போனில் எழுத்துத் தட்டத் தெரியாது. அதனால் காகிதத்தில் எழுதி அவன் காய்கறி லோரியில் கொடுத்துவிடுகிறேன். வாரா வாரம் கேமரன் மலையிலிருந்து சுங்கை பெசார் மார்க்கெட்டுக்கு இறக்க வருகிறவன்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். நித்தியாவின் பைப்பு வீட்டுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது. வீடு கட்டுகிற இடத்தில் தூக்கிப் போட்ட ஆறு அங்குலப் பைப்பு, என் உயரம் இருக்கும். சுற்றிலும் சிவப்பு மையால் பதினெட்டு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். ஏழுதான் வெட்டியிருக்கிறாள். மீதியை வெட்டத்தான் அன்றைக்குச் சனிக்கிழமை புக்கிட் செந்தோசாவிலிருந்து மோட்டாரில் கிளம்பினாள். வழியில் கார் மோதி, என் மகள் வீடு வந்து சேரவில்லை.

கோயில் பூசாரியைப் பார்த்தேன். கன்னியாகப் போனவள், முதல் வருஷப் படையலில் அவள் ஆசைப்பட்டு முடிக்காமல் விட்டதை வைக்க வேண்டும் என்றார். அவள் வேறு எதற்கு ஆசைப்பட்டாள்? அந்தப் பைப்பில் காய்த்த ஸ்ட்ராபெரி. ஒன்று போதும். நவம்பர் நாலாம் தேதிக்குள் எனக்கு ஒரு பழம் வேண்டும்.

இருபது கன்று கொடுத்துவிடு. பைப்பை எப்படி முடிப்பது என்று எழுது. அவளுக்கு நீதானே எல்லாம் சொல்லிக் கொடுத்தாய். முதலில் தண்ணீர் போத்தலில் வைத்தாள், அழுகியது. அப்புறம் சாய வாளியில் வைத்தாள், கருகியது. கடையில் விற்கிற சாமான் எதையும் வாங்கச் சொல்லாதே, வீட்டில் கிடப்பதை வைத்துத்தான் செய்வேன். கீழே இந்த வெயிலில் காய்க்குமா, காய்க்காதா? அதையும் ஒரு வார்த்தை எழுதிவிடு.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவள் ஒரு வாய் சோறு சாப்பிடாமல் போனாய். அதை நான் மறக்கவில்லை.

தங்கை
கண்மணி


பிரிஞ்சாங்
3.3.2024

என் தங்கச்சிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும். காதை விடு, முழங்கால்தான் குளிரில் படுத்துகிறது. உன் வீட்டுக்காரர் கார்த்திகேசு தம்பி வேலைக்குப் போகிறாரா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இந்த வெயிலில் நீ எதற்கு இதில் இறங்குகிறாய்? படையலுக்குப் பழம்தானே வேண்டும். இங்கே மலையில் நான் வேலை செய்கிற தோட்டத்திலேயே நல்லதாகப் பொறுக்கி ஒரு டப்பா கொடுத்துவிடுகிறேன். பெரியம்மா கொடுத்தது என்றால் அவள் வேண்டாம் என்பாளா?

இல்லை, செய்தே தீருவேன் என்றால் கேட்டுக்கொள். மீதி வட்டங்களை முழுசாக வெட்டி எடுக்காதே. வட்டத்தின் மேல் பக்கம் ரம்பத்தால் குறுக்கே ஒரு கீறல் போடு. பைப்பைப் படுக்கப் போட்டு, கீறலுக்குக் கீழே மெழுகுவத்தி காட்டு. பைப்பு இளகும். இளகியதும் சோடா போத்தலின் கழுத்தைச் சாய்வாகத் திணித்துப் பிடி. ஆறும்வரை எடுக்காதே. எடுத்தால் குருவிக் குஞ்சு வாயைத் திறந்த மாதிரி இருக்கும். அதில்தான் செடி.

மண் போடாதே, கனம். தேங்காய் நாரும் கருக்கின உமியும் பாதிக்குப் பாதி. உமி உங்கள் பக்கத்து நெல் ஆலையில் சும்மா கிடைக்கும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு சின்னப் பைப்பு விடு, தண்ணீர் அதில்தான் ஊற்ற வேண்டும். அதில் அடிக்கு ஒரு ஓட்டை போடு. மறந்துவிடாதே.

கன்று இருபது சோமுவிடம் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
அன்னம்மா


பத்தாங்கட்டை
24.3.2024

அக்காவுக்கு,

முழங்காலுக்குக் கோடாலித் தைலம் போடு. என் கையும் இப்போது தைலத்தில்தான் இருக்கிறது. மெழுகுவத்தியில் இரண்டு விரல் வெந்துபோனது.

டப்பா பழம் என்று இன்னொரு முறை எழுதாதே. கடைப் பழத்தை வைத்து என் மகளை ஏமாற்ற நான் தயாராக இல்லை.

பதினோரு வாயும் திறந்துவிட்டேன். ஐந்து நாள் ஆனது. முதல் மூன்று கோணல், ஒன்று விரிந்து கிழிந்து டேப் சுற்றியிருக்கிறேன். அவள் வெட்டின ஏழும் பார்க்க எவ்வளவு நேர்த்தி! அவர் வாசலில் நின்றுகொண்டு, "பழம் வேணும்னா மார்க்கெட்டுல டப்பா டப்பாவா கெடக்குது. கைய வேக வச்சிக்கிட்டு இது என்னா பைத்தியம்?" என்றார். "ஆமா, பைத்தியந்தான். பைத்தியத்துகிட்ட உங்களுக்கு என்னா பேச்சு, போய் டிவி பாருங்க" என்றேன். அதோடு இரண்டு நாள் பேச்சில்லை. அதற்கு முன்னால் மட்டும் என்ன பேசிக் கிழித்தோம்.

செடி வைத்தேன். ஒரு வாரத்தில் மேல் வரிசை முழுதும் காய்ந்து சுருண்டது. நடு வரிசை தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. கீழே இருக்கிறதோ சேற்றில் நின்று அழுகுகிறது. நீ சொன்னதில் ஒன்றுகூட விடவில்லை. நார், உமி, நடுப் பைப்பு, அடிக்கு ஒரு ஓட்டை, எல்லாம் செய்தேன். தப்பு என்னுடையது இல்லை, உன்னுடையது. சோமு வந்து பார்த்துவிட்டு, "யக்கா, மேல பதினெட்டு டிகிரி, இங்க முப்பத்தஞ்சு. லோரிய விட்டு இறங்கினா எனக்கே மூச்சு வாங்குது. செடி பாவம் லா" என்கிறான். அவன் என்ன கண்டான், முட்டைகோஸ் ஏற்றுகிறவன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. காய்க்குமா?

கண்மணி


பிரிஞ்சாங்
7.4.2024

தங்கச்சி கண்மணிக்கு,

விரல் ஆறிவிட்டதா? தண்ணீர் படாமல் வைத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சந்தேகம் வந்தது. சோமுவைப் பிடித்துக் கேட்டேன். நடுப் பைப்பில் ஒரே ஓட்டை, அதுவும் அடிப்பாகத்தில் இருக்கிறது என்றான். அடி கண்மணி! அடிக்கு ஒரு ஓட்டை என்றால் பன்னிரண்டு அங்குலத்து அடி. ஒவ்வொரு அடி உயரத்துக்கும் ஒன்று. நீ பைப்பின் அடியில் ஒன்று போட்டுவிட்டு ஊற்றின தண்ணீரையெல்லாம் கீழே சேர்த்திருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் உன்னை வெளியே நிறுத்தினது சும்மா இல்லை. பக்கத்தில் இருந்த வங்காளதேசத்துப் பெண்கள் நான் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன். அப்புறம் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடி ஓட்டையை மெழுகு வைத்து அடை. அடிக்கு நாலு பக்கமும் நாலு சின்ன ஓட்டை போடு. பைப்பைக் காலை வெயில் மட்டும் படுகிற இடத்துக்கு மாற்று. மத்தியானத்தில் பழைய கைலியை நனைத்து மேலே பந்தல் மாதிரி கட்டு. பதினைந்து கன்று கொடுத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தம்பியிடம் சண்டை போடாதே.

அக்கா
அன்னம்மா


பத்தாங்கட்டை
5.5.2024

அக்காவுக்கு,

நீ சிரித்ததில் எனக்குக் கோபம் இல்லை. அவரும் சிரித்தார். "அஞ்சு நாளா ஒத்த ஓட்டையவா போட்ட?" என்று கேட்டுவிட்டு, சிரித்தது தப்பு என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓட்டையெல்லாம் சரி செய்துவிட்டேன். பைப்பை இழுத்து நகர்த்த அவர்தான் வந்தார். கைலி கட்டினேன், காற்றில் பறந்தது. மறுபடி கட்டினேன், பூனை ஏறிக் கிழித்தது. இப்போது மீன் வலை வாங்கிக் கட்டியிருக்கிறேன். கடைக்காரன் கிழிந்த வலை என்று சும்மா கொடுத்தான். மத்தியானம் இரண்டு தடவை நனைக்க வேண்டும். தொட்டால் பைப்பு தோசைக்கல் மாதிரி இருக்கிறது. மழை வந்து மூன்று வாரம். குழாயில் தண்ணீர் வராத நாளில் குளிக்க வைத்திருந்ததை எடுத்து ஊற்றுகிறேன், அவர் முறைக்கிறார்.

இந்தத் தடவை செடி சாகவில்லை. பதினெட்டு வாயிலும் பச்சை. ஆனால் பூ ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொன்றிலிருந்தும் நூல் மாதிரி நீளமாக வந்து தொங்குகிறது, நுனியில் விரல் நகம் அளவுக்கு ஒரு குட்டிச் செடி. ஒரு செடிக்கு மூன்று நாலு. காற்றடித்தால் எல்லாம் ஆடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். இது என்ன? இது வந்தால் அடுத்தது பூவா?

இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. மூன்றாம் தடவை கேட்கிறேன், காய்க்குமா? உனக்குக் காதுதானே கேட்காது, கண் தெரியும் இல்லையா?

கண்மணி


பிரிஞ்சாங்
19.5.2024

தங்கச்சிக்கு,

சுகந்தானே. இங்கே பள்ளி விடுமுறைக் கூட்டம், தோட்டத்தில் நிற்க நேரமில்லை, முதலாளி டௌக்கே கத்துகிறார். அவசரமாக எழுதுகிறேன்.

நீ சொல்கிற நூல்தான் பிள்ளை. பிள்ளையை விடாதே. அது தாயின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். பிள்ளை இருக்கும்வரை தாய் காய்க்காது. கத்திரிக்கோலை எடுத்து எல்லாப் பிள்ளையையும் ஒட்ட வெட்டித் தூரப் போடு. பாவம் பார்க்காதே.

அக்கா
அன்னம்மா


பிரிஞ்சாங்
30.6.2024

கண்மணிக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கொடுத்துவிட்ட காய்கறிப் பையைக்கூட நீ வந்து வாங்கவில்லையாம், சோமு திருப்பிக் கொண்டுவந்தான். உடம்புக்கு ஏதாவதா? தம்பிக்கு ஏதாவதா? செடி செத்துவிட்டது என்றால் சொல், வேறு தருகிறேன். செடி போனால் போகட்டும். நீ எப்படி இருக்கிறாய்? ஒரு வரி போதும்.

அக்கா


பத்தாங்கட்டை
14.7.2024

அன்னம்மாவுக்கு,

ஒரு வரி கேட்டாய்.

அடி என்று எழுதினாய். எனக்குப் புரியவில்லை, அது என் மக்குத்தனம். பிள்ளை என்று எழுதினாய். நன்றாகப் புரிந்தது.

ஒரு கையில் உன் கடிதம், ஒரு கையில் கத்திரிக்கோல். போய் நின்றேன். பிள்ளை இருக்கும்வரை தாய் காய்க்காது என்று எழுதியிருக்கிறது. என் பிள்ளை போய் எட்டு மாதம் ஆகிறது. நான் என்ன காய்த்துவிட்டேன், வந்து பார்க்கிறாயா? பாவம் பார்க்காமல் தூரப் போடச் சொன்னாயே, அவளைப் பெட்டியில் வைத்து மூடினபோது நீ அந்த மூலையில் நின்றுகொண்டுதானே இருந்தாய்?

வெட்டவில்லை. வெட்டவும் மாட்டேன். பழம் வராவிட்டால் வராமல் போகட்டும். இனி ஒரு யோசனையும் எழுதாதே.

கண்மணி


பிரிஞ்சாங்
25.8.2024

என் கண்மணிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆறு வாரமாகத் தினமும் காகிதத்தை எடுப்பேன், மடிப்பேன்.

தோட்டத்தில் அந்த நூலுக்குப் பிள்ளை என்றுதான் பேர். காலையில் வேலைக்குப் போகும்போதே "இன்னைக்கிப் பிள்ள வெட்டு" என்று சொல்லிக்கொண்டுதான் போவோம். இருபது வருஷமாகச் சொல்கிற வாய். கை அதையே எழுதிவிட்டது. என்ன எழுதினேன் என்பது உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

ஆனால் அது மட்டும் இருந்தால் அப்போதே எழுதியிருப்பேன். நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கண்மணி, கீழே காய்க்காது. ராத்திரிக் குளிர் இல்லாமல் அது பூவுக்கு வராது. வெயிலில் தப்பிப் பிழைத்தால் பிள்ளைதான் விடும். நீ வெட்டினாலும் காய்த்திருக்காது. இது எனக்கு எப்போதும் தெரியும்.

போன வருஷம் மே மாதம் நித்தியா இங்கே வந்து நாலு நாள் இருந்தாளே. தோட்டத்துக்கு வந்து பழத்தைப் பறித்துத் தின்றுகொண்டு, "பெரிம்மா, நம்ம வீட்டுல வச்சா காய்க்குமா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "காய்க்கும்டி, ஏன் காய்க்காது?" என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை முயற்சி பண்ணுவாள், விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. போத்தலில் செத்தது, "வாளியில வையி" என்றேன். வாளியில் செத்தது, "பைப்புல வையி, நிச்சயம் காய்க்கும்" என்றேன். அவளுக்கு ஒரு பொய், அதை மூட இன்னொரு பொய். அவள் போன பிறகும் உனக்கு அதையே எழுதிக்கொண்டிருந்தேன். உன்னிடம் காய்க்காது என்று எழுதினால் அவளிடம் ஏன் காய்க்கும் என்றாய் என்று கேட்பாய். அதற்குப் பயம்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தச் சனிக்கிழமை அவள் அந்த ரோட்டில் இருந்திருக்க மாட்டாள். பதினாறாம் நாள் உன் வீட்டுச் சோறு எனக்கு இறங்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

இதைத் தம்பியிடமும் படித்துக் காட்டு. நீங்கள் என்ன சொன்னாலும் சரி. ஒன்றும் சொல்லாவிட்டாலும் சரி.

அன்னம்மா


பத்தாங்கட்டை
13.10.2024

அக்காவுக்கு,

இங்கே மழை பிடித்துவிட்டது. அவருக்கு இருமல், எனக்கு ஒன்றும் இல்லை. உன் முழங்காலைப் பற்றிச் சோமுவிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன்னைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பைப்பைத் தள்ளிவிட்டேன். உண்மையாகவே காலால் உதைத்தேன். உமியும் நாரும் பின்கட்டு முழுதும் கொட்டியது. ஆறு மாதம், அக்கா. வெந்த விரல், கிழிந்த வலை, குளிக்காமல் ஊற்றின தண்ணீர். முதல் கடிதத்திலேயே நாலு எழுத்து எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். அன்றைக்கு நீ எதிரில் இருந்திருந்தால் உன்னையும் உதைத்திருப்பேன்.

அவரிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் பார்க்கிறேன், பைப்பு நிமிர்ந்து நிற்கிறது. கொட்டினதையெல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறார். செடியைத் தலைகீழாக நட்டிருக்கிறார், அது வேறு விஷயம். நான்தான் பிடுங்கிச் சரியாக வைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டார், "அவ போன்ல எல்லாத்தையும் தேடிப் பாக்குற பொண்ணு. சம்பால் சட்னிக்கு உப்பு எவ்வளவுன்னாக்கூட போன்ல போட்டுப் பாப்பா. ஸ்ட்ராபெரி கீழ காய்க்காதுன்னு அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

தட்டைத் தள்ளி வைத்தேன். நினைத்துப் பார்த்தேன். ராவாங்கில் வேலை கிடைத்துப் புக்கிட் செந்தோசாவில் தங்கின முதல் ஆறு மாதம் அவள் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. நான் போன் பண்ணிச் சண்டை போடுவேன். "பெட்ரோல் அடிச்சிக்கிட்டு சும்மா சும்மா வரச் சொல்றியாம்மா?" என்பாள். இந்தச் செடிக் கூத்து வந்த பிறகுதான் வாரா வாரம் வந்தாள். வந்ததும் பின்பக்கம் போக மாட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து தொழிற்சாலைக் கதையெல்லாம் சொல்வாள், நான் நறுக்குகிற வெங்காயத்தை எடுத்துத் தின்பாள். அப்பாவோடு டிவிக்குச் சண்டை போடுவாள். பொழுது சாய்கிற நேரத்தில்தான், "ஐயோ, என் பைப்பு!" என்று ஓடுவாள். கால் மணி நேரம் ரம்பத்தை இழுத்துவிட்டு வந்துவிடுவாள். அதனால்தான் அது முடியவே இல்லை. முடித்துவிட்டால் அப்புறம் வருவதற்கு என்ன சாக்கு?

காலண்டரை வைத்து எண்ணினேன். ஜூன் நடுவிலிருந்து அக்டோபர்வரை இருபது சனிக்கிழமை. நீ அவளிடம் காய்க்காது என்று சொல்லியிருந்தால் அதில் எத்தனை எனக்குக் கிடைத்திருக்கும்? அந்தக் கடைசிச் சனிக்கிழமையை உன் கணக்கில் எழுதுகிறாயே, இந்த இருபதை எங்கே எழுதப் போகிறாய்?

இதைச் சொல்வதால் எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. எனக்கு ஆறு மாதம் பொய் எழுதினதற்கு இருக்கிறது. அது போகும்போது போகும்.

படையலுக்குப் பழம் இல்லை. பூசாரியிடம் சொன்னேன். "அப்ப என்னாம்மா வைக்கப் போறீங்க?" என்றார். சனிக்கிழமை சாயந்திரம் அவள் தின்கிற மீ கோரெங், நூடுல்ஸை உறைப்பாக வறுத்து, முட்டை இரண்டு போட்டு. ஐஸ் மைலோ ஒரு கப். "அதெல்லாம் வழக்கத்துல இல்லியே" என்று இழுத்தார். "வழக்கத்த நீங்க உங்க வீட்டுல வச்சிக்குங்க சாமி" என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் மூன்றாம் தேதி சோமு லோரியில் முன் சீட்டு உனக்குத்தான், அவனிடம் பேசியாகிவிட்டது. சுங்கை பெசாரில் அவர் வேனோடு நிற்பார். உன்னைக் கூப்பிட வேண்டும் என்று முதலில் சொன்னதே அவர்தான், "ஒங்க அக்காவ லோரியிலயாவது வரச் சொல்லு" என்று. வழியெல்லாம் அவர் பேச மாட்டார், உனக்குக் கேட்கவும் கேட்காது, இரண்டு பேருக்கும் வசதி. மீ கிளற எனக்கு ஒரு கை வேண்டும், ஐம்பது பேருக்கு. வாசலில் உன்னைப் பார்த்தால் அழுவேனா, திட்டுவேனா என்று எனக்கே தெரியவில்லை. அது எப்படியோ போகட்டும். வந்து சேர்.

தங்கை
கண்மணி